சந்தேகங்களுக்கு விளக்கம்: ஹுர்ரெமும் மஹிதேவ்ரானும் போட்டது சக்களத்திச் சண்டையா?

வணக்கம். போன தடவை பதினாறாம் நூற்றாண்டுல ஒட்டோமான் (துருக்கி) பேரரசை ஆண்ட சுல்தான் சுலைமானோட அரண்மனை பத்தியும், அவருக்குப் பிள்ளை பெத்த ஹுர்ரெம், மஹிதேவ்ரான்ங்கிற ரெண்டு பெண்கள் பத்தியும் பேசினோம் இல்லையா, அதைக் கேட்டுட்டு ஒரு சகோதரி கேட்கிறாங்க: "ஐயா, ஹுர்ரெமும் மஹிதேவ்ரானும் போட்டது வெறும் சக்களத்திச் சண்டைதானே? இதைப் போய்ச் சரித்திரம்னு சொல்றீங்களே?" ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்னை விடல.

சண்டை போட்டாங்கன்னு வெனிஸ் தூதர் நவகேரோ தான் கேள்விப்பட்டதை எழுதி வச்சிருக்கார். மஹிதேவ்ரான் ஹுர்ரெமைத் திட்டி, மூஞ்சியைப் பிராண்டி, முடியைப் பிடிச்சு இழுத்திருக்காங்க. சுல்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டா, "நான் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை, வெறும் மாமிசம்; மூஞ்சியும் இப்படிக் கிடக்கு, எப்படி வருவேன்"னு ஹுர்ரெம் சொல்லி அனுப்பிட்டாங்களாம். அந்த ஒரு பதில்லயே அவங்க சாமர்த்தியம் தெரியுது பாருங்க.

ஆனா நான் எத்தனையோ தடவை சொன்னதுதான், திரும்பவும் சொல்றேன். அங்க போட்டி புருஷனுக்காக இல்ல, பிள்ளை உயிருக்காக. மூத்தவனுக்குத்தான் பட்டம்ங்கிற வழக்கம் அப்ப அங்க கிடையாது. பட்டத்துக்கு வர்றவன் கூடப்பிறந்தவங்களைக் கொல்லலாம்னு முன்னாடி ஆண்ட சுல்தான் இரண்டாம் மெஹ்மத் பேர்ல சட்டமே இருந்துச்சு. மஹிதேவ்ரானுக்கு முஸ்தபான்னு ஒரே மகன், படைவீரங்க உசுரா நேசிச்ச பிள்ளை. அவர் சுல்தான் ஆனா ஹுர்ரெமோட பிள்ளைங்க கதி? ஒரு தாயா யோசிச்சுப் பாருங்கம்மா.

1553-ல, எரேக்லிங்கிற ஊர் பக்கத்துல, அப்பா கூப்பிட்டார்னு கூடாரத்துக்குள்ள போன முஸ்தபாவைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டாங்க. ஹுர்ரெமும், அவங்க மகளைக் கட்டின தலைமை அமைச்சர் ருஸ்தம் பாஷாவும் மூட்டிவிட்டதுன்னு அப்பவே பேச்சு.

சரி, சக்களத்திப் பொறாமைதான் காரணம்னா அதோட முடிஞ்சிருக்கணும். முடியலையே! 1558-ல ஹுர்ரெம் இறந்தாங்க. அடுத்த வருஷமே அவங்க வயித்துல பிறந்த செலிமும் பயஸித்தும் கோன்யாவுல படையோட மோதினாங்க. 1561-ல பயஸித்தையும் அவர் பிள்ளைங்களையும் கொன்னாங்க. இங்க சக்களத்தி எங்கம்மா இருக்கா?

என்னைக் கேட்டா, மஹிதேவ்ரான் அப்புறம் என்ன ஆனாங்கன்னு நீங்க கேட்டிருக்கணும். மகனைப் புதைச்ச பூர்சா நகரத்துலயே தங்கிட்டாங்க. வீட்டு வாடகை கொடுக்கக்கூட வழியில்லை. கடைவீதிக்குப் போன வேலைக்காரங்களை வியாபாரிங்க கேலி பண்ணி ஏமாத்தி அனுப்பினாங்க. ஒரு இளவரசனைப் பெத்தவங்க! முஸ்தபாவுக்குச் சமாதி மண்டபம் எழுப்பச் சொன்னது யாரு தெரியுமா? ஹுர்ரெம் பெத்த செலிம், சுல்தான் ஆன பிறகு. 1581-ல மஹிதேவ்ரான் காலமானப்ப, அங்கேயே மகன் பக்கத்துலதான் அடக்கம் பண்ணாங்க.