பால்மாவு டின்னின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை நடத்துகிறவன் என்பதால், கடைத் திருட்டைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லாவில் நின்று தெரிந்துகொண்டதுதான்.

ஒரு பால்மாவு டின் 40 வெள்ளி (ரிங்கிட்) என்று வையுங்கள். அதில் கடைக்காரருக்கு நிற்பது 2 வெள்ளி. ஒரு டின் காணாமற்போனால், மொத்த வியாபாரிக்குக் கொடுத்த 38 வெள்ளி போயிற்று. அதை மீட்க இன்னும் 19 டின் விற்றாக வேண்டும். அந்த 19 டின்னிலும் எனக்கு ஒரு காசு மிஞ்சாது. கடை வாடகை அதற்காகக் காத்திருக்குமா? "முதலாளிக்கு ஒரு டின்னில் என்ன குறைந்துவிடும்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

அதனால் டின்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். கைக்குழந்தையோடு வரும் தாய், சாவி வைத்திருக்கும் பையன் அரிசி மூட்டை இறக்கி முடிக்கும்வரை கால்கடுக்க நிற்கிறார். மற்ற சாமான்களின் விலையிலும் 10 காசு, 20 காசு ஏறுகிறது. யாரோ எடுத்ததற்கு அவர் கட்டுகிறார்.

மலேசியத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 380-வது பிரிவின்படி, கடை போன்ற கட்டடத்துக்குள் திருடினால் 10 ஆண்டுவரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். எடுத்தது சாக்லேட்டா தங்கமா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. 18 வயது நிரம்பாதவர் என்றால் சிறார் நீதிமன்றம். "சின்னப் பிள்ளை, விளையாட்டுக்கு எடுத்துவிட்டான்" என்று சொல்லும் பெற்றோர் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

பசிக்கு எடுப்பவர்களும் உண்டுதான். அவர்கள் வாய்விட்டுக் கேட்கலாம். கடன் கணக்கு எழுதும் 555 புத்தகம் எங்கள் கல்லாவில் இன்னும் இருக்கிறது, எழுதிக்கொள்வோம். ஆனால் என் கடையில் அதிகம் மறைவது அரிசியல்ல, சவர பிளேடும் முகப்பூச்சும்தான். பசியாம்!

சக கடைக்காரர்களுக்கும் ஒன்று. கையும் களவுமாகப் பிடித்தால் அடிக்காதீர்கள், தாமதிக்காமல் போலீஸில் ஒப்படையுங்கள். கேமராப் படத்தை வாட்ஸ்அப்பில் ஏற்றாதீர்கள். தீபாவளி நெரிசலில் ஒரு பெண்ணின் படம் அப்படித்தான் ஊரெல்லாம் சுற்றியது. அவர் காசு கொடுத்த ரசீது பிறகு கல்லாப் பதிவிலேயே கிடைத்தது. கேமராப் பதிவைப் போலீஸாரிடம் கொடுங்கள், விசாரிப்பது அவர்கள் வேலை.