அளந்து போடுங்கள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மன்றச் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அம்மையார் அவர்களே, வாழ்த்துரை வழங்க வந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, விடியும் முன்பே வந்து இந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைத்து வைத்த தூய்மைப் பணியாளர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்க மனம் வரவில்லை. மேடையில் பாருங்கள், ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கூட இல்லை. ஒரு ஜாடியும் கழுவிய டம்ளர்களும்தான் இருக்கின்றன. அழைப்பிதழை அச்சடிக்காமல் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தவர் செயலாளர். அத்தனை பேரையும் அவரே அழைத்ததால் தொண்டை கட்டிப்போய், இன்று வரவேற்புரையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். இந்த இருவருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பேராசிரியர் அம்மையார் மண்ணைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, வீட்டுக் குப்பையைக் குறைப்பது, மீண்டும் பயன்படுத்துவது, மறுசுழற்சிக்கு அனுப்புவது. மூன்றையும் வரிசையாகப் பேசுகிறேன். நான்காவதாக பேட்டரி, பல்பு, காலாவதியான மருந்து பற்றியும் பேச வேண்டும் என்று குறித்து வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பழமொழி. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.’ என் பாட்டி வாய்க்கு வாய் சொன்னது. வீணாகப் போகிற பொருளுக்கும் கணக்கு இருக்க வேண்டும் என்பதுதான் பொருள். வரவுக்கு எல்லோரும் கணக்கு வைக்கிறோம். போவதற்குக் கணக்கு வை என்று சொன்ன மொழி நம்முடையது. இதை நான் பல மேடைகளில் சொல்லிவிட்டேன். இன்னும் சொல்வேன்.

இந்தப் பழமொழி எனக்குப் புரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். என் மாமனாருக்குக் காது மந்தம். காதுக்குள் வைக்கும் கருவி ஒன்று, விரல் நுனி அளவுதான் இருக்கும். முகம் கழுவும்போது அதைக் கழற்றி டிஷ்யூ காகிதத்தில் மடித்து மேசைமேல் வைத்திருக்கிறார். யாரோ மேசையைச் சுத்தம் செய்தோம். யார் என்று இன்றுவரை தெரியாது. அரைமணி நேரம் வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில் எல்லோர் கண்ணும் கதவுக்குப் பின்னால் இருந்த குப்பைப் பைமேல் போய் நின்றது. மூன்று நாள் குப்பை. நல்லவேளை, இன்னும் வெளியே போகவில்லை.

“கொட்டுங்க மாப்பிள்ளை, வேற வழியில்லை” என்றார் மாமியார். மொட்டைமாடியில் பழைய போர்வையை விரித்துக் கொட்டினேன். நாற்றம் மூச்சை அடைத்தது. எல்லாவற்றின் மேலும் ஒரே வழவழப்பு. காய்கறித் தோலும் மிச்சச் சாப்பாடும் ஊறி, அதன் தண்ணீர் காகிதம், அட்டை, பாட்டில் எல்லாவற்றிலும் இறங்கியிருந்தது. நான் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தேன். மாமனார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் 30 வருடம் கிடங்குக் கணக்குப் பார்த்தவர். கருவி இல்லாததால் நாங்கள் பேசுவது எதுவும் அவர் காதில் விழவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்தார், உதறினார், குவியல் குவியலாக வைத்தார்.

அப்போதுதான் என் வீட்டை நான் பார்த்தேன். பிரிக்காத ரொட்டிப் பாக்கெட் ஒன்று. பாதிக்கு மேல் வெறும் தாளாக இருந்த என் மகளின் நோட்டு. ஒரே ஒரு கம்பி வளைந்திருந்த குடை. மூடி தொலைந்துபோனதற்காகத் தூக்கிப்போட்ட ஒரு டப்பா. அந்த மூடி இரண்டு குவியல் தள்ளி, வேறொரு உறைக்குள்ளேயே கிடந்தது! மாமனார் மூடியை டப்பாவில் அழுத்தினார், ‘டக்’ என்று உட்கார்ந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, ஒரு பழத்தோலோடு ஒட்டிக்கிடந்த டிஷ்யூவுக்குள் கருவி கிடைத்தது. என் மனைவி அழுதே விட்டாள். அவர் அதைத் துடைத்துக் காதில் வைத்துக்கொண்டார். வைத்ததும் கேட்ட முதல் கேள்வி: “தராசு இருக்கா?”

பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. குவியல் குவியலாகப் பையில் போட்டுத் தூக்கினோம். மொத்தம் 5 கிலோ 300 கிராம். அதில் ஈரக் கழிவு மட்டும் 3 கிலோ 100. ஈரம் படாமல் இருந்திருந்தால் மறுசுழற்சிக்குப் போயிருக்கும் காகிதம், அட்டை, பாட்டில் எல்லாம் சேர்த்து 1 கிலோ 400. எதற்கும் ஆகாதது என்று கடைசியில் மிஞ்சியது வெறும் 800 கிராம். குடையையும் டப்பாவையும் நோட்டையும் அவர் எடை போடவிடவில்லை. “இது குப்பை இல்லை” என்று தனியே எடுத்து வைத்துவிட்டார். குடை இன்றும் வீட்டில் இருக்கிறது.

அன்று மாலை, மகளின் அந்த நோட்டிலேயே நான்கு பத்தி போட்டார்: தேதி, ஈரம், காய்ந்தது, மிச்சம். கணக்கு இன்றுவரை நடக்கிறது. முதல் மூன்று மாதத்திலேயே ஈரக் கணக்கு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. யாரும் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ‘மிச்சச் சாப்பாடு, 400 கிராம்’ என்று உங்கள் கையால் ஒருமுறை எழுதிப் பாருங்கள். அடுத்த வாரம் பாத்திரத்தில் அளவு தானாகக் குறையும். குறைப்பது என்ற முதல் தலைப்புக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்.

இப்போது உலகக் கணக்கைப் பாருங்கள். 2016-இல் உலகத்து ஊர்களும் நகரங்களும் கொட்டிய திடக்கழிவு 201 கோடி டன் என்கிறது உலக வங்கியின் அறிக்கை. தலைக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ. இப்படியே போனால் 2050-இல் 340 கோடி டன். உணவை மட்டும் எடுத்துக்கொண்டால், 2022-இல் 105 கோடி டன் வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் சொல்கிறது. விடுதிகளும் விருந்துகளும்தான் வீணாக்குகின்றன என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வீடுதான் முதல் இடம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றால், வீட்டிலேயே அளக்கத் தொடங்கு என்றுதானே அர்த்தம்?

மீண்டும் பயன்படுத்துவது பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று. பிறகு உதவும் என்று டப்பாக்களைப் பரணில் ஏற்றி, ஐந்து வருடம் கழித்து மொத்தமாக வீசுவது மீண்டும் பயன்படுத்துவது ஆகாது. அதையும் தராசில் வையுங்கள்.

மறுசுழற்சிக்கு வருகிறேன். இங்கே ஒரு பெரிய ஏமாற்றம் இருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்கள், முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய முறை இது. இது என்ன வகைப் பிளாஸ்டிக் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. திரும்ப உருக்கி எடுப்பார்கள் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. 1 என்பது தண்ணீர் பாட்டில் வகை, 2 என்பது ஷாம்பூ பாட்டில் போன்ற கெட்டி வகை. இவற்றுக்குப் பல இடங்களில் வழி இருக்கிறது. 6 என்று போட்ட தெர்மாகோல் தட்டுக்கு வழி அரிது. 2015 வரை சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போனது என்று 2017-இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டுச் சொன்னது. மிச்சம் எங்கே? ஒரு பங்கு எரிந்தது, பெரும்பங்கு மண்ணிலும் கிடங்கிலும் கிடக்கிறது.

அலுமினியம் அப்படியில்லை. பழைய அலுமினியத்தை உருக்கினால், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட ஏறக்குறைய 95 சதவீதம் ஆற்றல் மிச்சம். கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் கண்ணாடிதான். காகிதத்தின் நார் ஐந்து முதல் ஏழு முறை வரை தாங்கும், பிறகு குட்டையாகி உதிர்ந்துவிடும். ஆனால் குழம்பு ஊறிய காகிதம் ஒருமுறைகூடத் தாங்காது. எண்ணெயும் ஈரமும் ஏறிய அட்டையைக் கூழாக்க யாரும் எடுப்பதில்லை. அந்த 1 கிலோ 400 கிராமைக் கெடுத்தது பக்கத்தில் இருந்த ஈரம்தான். ஈரத்தைத் தனி வாளியில் போடுங்கள். ஒரு பங்கு ஈரத்துக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை சேருங்கள், வாரம் ஒருமுறை கிளறி விடுங்கள், காற்றுப் போகட்டும். சில மாதத்தில் மழை நனைத்த மண்ணின் வாசனையோடு எரு கையில் இருக்கும். அதே ஈரத்தைப் பையில் கட்டிக் குப்பை மேட்டுக்கு அனுப்பினால், காற்றில்லாமல் அழுகி மீத்தேன் கிளம்பும். நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது.

அதனால்தான் சொல்கிறேன், வீட்டுக்கொரு தராசு வேண்டும். வாளி கொடுக்கிறார்கள், பை கொடுக்கிறார்கள், சுவரில் வாசகம் எழுதுகிறார்கள். தராசு கொடுங்கள் என்று நான் போகும் இடமெல்லாம் கேட்கிறேன். பள்ளிகளில் மாணவர்கள் தங்கள் வகுப்பறைக் குப்பையை எடை போட்டுக் கரும்பலகையின் மூலையில் எழுதட்டும். மருத்துவர் ஐயா நோயாளியை உட்கார வைத்ததும் முதலில் எடை பார்க்கிறார் இல்லையா? குப்பைக்கும் அதே மரியாதை வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கண்ணைக் காட்டுகிறார். பேட்டரி பற்றி ஒரே வாக்கியம்: செல்போன் பேட்டரியைக் குப்பைப் பையில் போடாதீர்கள், நசுங்கினால் வண்டியிலேயே தீப்பிடிக்கும், அதைச் சுமப்பவர் கை நம் தூய்மைப் பணியாளரின் கை. மருந்தையும் பல்பையும் அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

வாசலை ஒட்டிய மேசையில் 60 கொக்கித் தராசுகளும் கோடு போட்ட 60 நோட்டுகளும் வைத்திருக்கிறோம். எதையும் நீங்கள் விலைக்கு வாங்க வேண்டாம். பெயரை எழுதிவிட்டு நான்கு வாரத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். வாளியைத் தராசில் தொங்கவிடும் முன் வெறும் வாளியின் எடையை முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான். ஐந்தாவது வாரம் இதே கூடத்தில் நோட்டுகளோடு கூடுவோம். மேசையில் நோட்டுப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பவர் என் மாமனார். அவரிடம் கொஞ்சம் உரக்கப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.