நிலம் யார் பெயரில்? செமினோல் மக்களும் இந்தோனேசிய ஊர்ச் சமூகங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வாழும் செமினோல் பழங்குடியில் பதிவு பெற்றவர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர். இந்தோனேசியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 28 கோடி. இரண்டையும் அருகருகே வைத்து யாருக்கு வருமானம் அதிகம் என்று கேட்டால், வரும் விடையால் யாருக்கும் பயனில்லை. ஊரளவு சமூகத்தை ஊரளவு சமூகத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதனால் இந்தோனேசியாவிலிருந்து மூன்று வகைச் சமூகங்களை எடுத்துக்கொள்கிறேன்: பாலித் தீவின் வழக்காற்று ஊர்கள் (பரம்பரை வழக்கப்படி தங்களைத் தாங்களே ஆள்பவை), எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நிலம் கொடுத்த சுமத்ரா, களிமந்தான் கிராமங்கள், பப்புவா மலைகளின் அமுங்மே மக்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். நிலத்திலிருந்து வரும் பணத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது யார்?

முதலில் செமினோல் மக்கள். 1858-இல் மூன்றாவது செமினோல் போர் ஓய்ந்தபோது எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் எஞ்சியிருந்தவர்கள் சில நூறு பேர். முதலைத் தோல், மான் தோல், கொக்கின் இறகு ஆகியவற்றை விற்று வாழ்ந்தார்கள். இறகு வணிகத்தைச் சட்டம் தடுத்தது. சதுப்பு நீரை வாய்க்கால் வெட்டி வடித்ததில் வேட்டையும் போயிற்று. 1936-இல், பழங்குடிக்கென அரசு ஒதுக்கிய நிலங்களில் ஒன்றான பிரைட்டன் ஒதுக்கீட்டு நிலத்துக்கு அரிசோனாவிலிருந்து வறட்சியில் மெலிந்த மாடுகள் ரயிலில் வந்தன. பல மாடுகள் செத்தன. மிஞ்சியவற்றிலிருந்து வளர்ந்த மந்தைதான், இன்று அமெரிக்காவின் பெரிய கன்று வளர்ப்புத் தொழில்களில் அவர்களுடையதும் ஒன்று என்று சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறது.

1953-இல் மத்திய அரசு, பழங்குடி என்ற சட்ட ஏற்பை விலக்கித் தான் கைவிடப்போகும் பழங்குடிகளின் பட்டியலில் இவர்களையும் சேர்த்தது. இவர்கள் எதிர்த்து வாதாடினார்கள். 1957 ஆகஸ்ட் மாதம் தங்களுக்கென அரசியலமைப்பை வாக்களித்து ஏற்றார்கள். அந்த அமைப்பின் வடிவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு அவைகள். ஆட்சிக்கு ஒரு மன்றம். தொழிலுக்குத் தனியே ஒரு நிறுவனம், அதற்கு இயக்குநர் குழு. மன்றத் தலைவர் குழுவின் துணைத் தலைவர். குழுத் தலைவர் மன்றத்தின் துணைத் தலைவர். ஒருவர் செய்வது மற்றவர் பார்வைக்கு வரும்படி அமைத்த ஏற்பாடு இது. கையில் காசே இல்லாத காலத்தில் இந்தக் கட்டமைப்பைக் கட்டினார்கள். பணம் வந்தபோது அதை வாங்கி வைக்கப் பாத்திரம் தயாராக இருந்தது.

பணம் வந்தது பிங்கோவில்; எண்களைக் கூப்பிடக் கூப்பிட அட்டையில் குறித்துப் பரிசு வெல்லும் சூதாட்டம் அது. அப்போது புளோரிடாச் சட்டப்படி அறநிறுவனங்கள் மட்டுமே, வாரத்தில் இரண்டு நாள், 100 டாலருக்கு மேற்படாத பெரும்பரிசோடு பிங்கோ நடத்தலாம். 1979 டிசம்பரில் ஹாலிவுட் ஒதுக்கீட்டு நிலத்தில் செமினோல் மக்கள் இந்த வரம்புகள் எதுவுமில்லாத கூடத்தைத் திறந்தார்கள். கலிபோர்னியாவின் திரைப்பட நகரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மயாமிக்கு வடக்கே உள்ள ஊர். மாவட்டக் காவல் தலைவர் கைது செய்வோம் என்றார். வழக்கு நீதிமன்றம் போனது. 1981-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: மாநிலம் பிங்கோவைக் குற்றமென்று தடை செய்யவில்லை, ஒழுங்குபடுத்த மட்டுமே செய்கிறது, அத்தகைய ஒழுங்குமுறைச் சட்டம் பழங்குடி நிலத்துக்குள் செல்லாது. இந்தத் தீர்ப்பின் வழியேதான் நாடெங்கும் பழங்குடிச் சூதாட்டக் கூடங்கள் எழுந்தன.

1988-இல் மத்திய அரசு தனிச்சட்டம் கொண்டுவந்தது. அதன் மூன்று விதிகளை இந்தோனேசியப் பகுதிக்குப் போகும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தின் உரிமை முழுதும் பழங்குடியுடையதாகவே இருக்க வேண்டும். வெளியார் நிர்வாகம் செய்தால் ஒப்பந்தம் பொதுவாக 5 ஆண்டு, மிஞ்சினால் 7 ஆண்டு. அவர்களுக்குப் பங்கு நிகர வருவாயில் 30 சதவீதம், விதிவிலக்காக 40 வரை. லாபத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதானால், முதலில் செலவுத் திட்டம் எழுதி உள்துறைச் செயலரின் ஒப்புதல் பெற வேண்டும். சிறுவர்களின் பங்கைப் பாதுகாத்து வைக்க வேண்டும். அப்படிப் பிரித்துத் தரும் பணத்துக்கு மத்திய வருமான வரியும் உண்டு.

2007-இல் உணவகம், விடுதி, சூதாட்டக் கூடம் நடத்தும் ஹார்ட் ராக் நிறுவனத்தை 96.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2021-இல் மாநிலத்தோடு 30 ஆண்டு உடன்படிக்கை செய்தார்கள். முதல் ஐந்து ஆண்டில் குறைந்தது 250 கோடி டாலர் மாநிலத்துக்குத் தருவதாக ஏற்று, விளையாட்டுப் பந்தயம் நடத்தும் உரிமையைப் பெற்றார்கள்.

இந்த வெற்றியில் பலவீனமும் இருக்கிறது. ஒதுக்கீட்டு நிலத்தை மத்திய அரசு அறங்காவலராக இருந்து வைத்திருப்பதால் விற்க முடியாது; நிலம் கைவிட்டுப் போகாமல் காப்பது அதுதான். அதே காரணத்தால் வங்கி அந்த நிலத்தை அடமானமாக ஏற்பதில்லை. கடன் வேண்டுமானால் வருங்கால வருவாயை ஈடு காட்ட வேண்டும். வழக்குக்கு ஆட்படாத தங்கள் பழங்குடி உரிமையை அந்தக் கடன் அளவுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தர வேண்டும். வருவாயோ பெருமளவு சூதாட்டம் என்ற ஒரே காலில் நிற்கிறது. உறுப்பினராகக் குறைந்தது கால் பங்கு செமினோல் இரத்த வழி காட்ட வேண்டும் என்பதால் பங்கிடுவோர் தொகை சிறியது. தலைக்கு வரும் தொகை பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் காரணம். ஒப்பிட்டு எழுதுவோர் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் மறக்கிறார்கள். அதே செமினோல் மக்களில் பெரும்பாலோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டார்கள். அங்கே அவர்களின் பொது நிலத்தை 1898 உடன்பாட்டுக்குப் பின் தனித்தனி ஆளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தனிப்பட்டா கிடைத்ததும் விற்பனை, ஏமாற்று, வரிப்பாக்கி என்று பெரும்பகுதி வெளியார் கைக்குப் போனது. 1926-இல் அந்த வட்டாரத்தில் மாபெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதன் செல்வத்தில் பெரும்பங்கு செமினோல் மக்களுக்கு வரவில்லை. ஒரே மக்கள், ஒரே பெயர்; ஓக்லஹோமாவில் காலடியில் இருந்த வளம்கூடப் பெரிது. வேறுபட்டது நில உரிமையின் வடிவம்தான். செமினோல் வளத்தை யாரோடு ஒப்பிட்டாலும் இந்த உள்வீட்டு ஒப்பீட்டில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

இனி இந்தோனேசியா. 2023-இல் உலக வங்கி இந்த நாட்டை மேல்நடுத்தர வருமான நாடுகளின் வரிசையில் சேர்த்தது. 2024 மார்ச் கணக்கில் வறுமைக் கோட்டுக்குக் கீழே 9.03 சதவீதம், ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர். அந்தக் கோடு ஆளுக்கு மாதம் சுமார் 5,83,000 ரூப்பியா. அதற்கு மேலே ஒரு விரற்கடை உயர்ந்து நிற்பவர்களும் பலர். அரிசி விலை ஏறினால் அவர்களும் கீழே இறங்குவார்கள்.

அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு நிலம், நீர், இயற்கை வளம் ஆகியவற்றை அரசின் கட்டுப்பாட்டில் வைக்கிறது, மக்களின் நலனுக்காக என்ற நிபந்தனையோடு. 18-பி பிரிவு வழக்காற்றுச் சமூகங்களை ஏற்கிறது. இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே இருக்கும் இழுபறிதான் கிராமங்களின் பொருளாதாரம்.

எண்ணெய்ப்பனையைப் பாருங்கள். நிறுவனம் பெறும் சாகுபடி உரிமம் 35 ஆண்டு வரை. மேலும் 25 ஆண்டு நீட்டலாம். வழக்காற்று நிலத்தை அந்த உரிமத்துக்காக விட்டுக்கொடுத்தால், உரிமம் முடியும்போது அது ஊருக்குத் திரும்புவதில்லை, அரசு நிலமாகிவிடுகிறது. வாடகைக்கு விட்டோம் என்று எண்ணிய முதியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இதை அறிகிறார்கள்.

தோட்டப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஊராருக்குத் தோட்டம் அமைத்துத் தர நிறுவனம் உதவ வேண்டும் என்று 2007 முதல் விதி இருக்கிறது. இதைப் 'பிளாஸ்மா' என்பார்கள். நடைமுறை இப்படி: நடவுச் செலவு ஊராரின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் வங்கிக் கடனாக ஏறும். காய்ப்பு வர மூன்று நான்கு ஆண்டு. அதன்பின் பழக்குலை விற்ற பணத்திலிருந்து கடன் தவணை, உரம், அறுவடைக் கூலி, லாரி வாடகை, நிர்வாகக் கட்டணம் எல்லாம் கழித்து மிச்சம் வரும். பல இடங்களில் கழிவுக் கணக்கு உறுப்பினருக்குக் காட்டப்படுவதில்லை. எந்த வரப்புக்குள் இருப்பது தன் தோட்டம் என்பதும் பலருக்குத் தெரியாது. விலையை எதிர்த்துப் பேசவும் முடியாது. குலை வெட்டிய 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் கெடும். அருகில் இருக்கும் ஆலை ஒன்றே ஒன்று. அதுவும் அதே நிறுவனத்துடையது. அமெரிக்கச் சட்டம் வெளி நிர்வாகியின் பங்குக்கும் ஆண்டுக்கும் உச்சவரம்பு வைத்ததைச் சொன்னேன் அல்லவா? அப்படி ஒரு வரம்பு இந்த விவசாயியின் பக்கத்தில் நின்றிருந்தால் அவர் நிலை வேறாக இருக்கும்.

பப்புவாவில் நிலை இன்னும் கடுமை. அமெரிக்கச் சுரங்க நிறுவனமான ஃப்ரீபோர்ட்டின் ஒப்பந்தம் 1967-இல் கையெழுத்தானது. பப்புவா இந்தோனேசியாவோடு சேருமா என்ற வாக்கெடுப்பு நடந்ததே 1969-இல். அமுங்மே மக்களின் மலையில் செம்பும் தங்கமும் தோண்ட உரிமை வழங்கப்பட்டபோது அவர்கள் மேசையில் இல்லை. 1996-இல் சுரங்க வட்டாரத்து ஊரான திமிக்காவில் கலவரம் மூண்ட பிறகே வருவாயில் ஒரு சதவீதத்தைச் சமூக நிதிக்கு ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. 2018-இல் இந்தோனேசிய அரசு நிறுவனம் 385 கோடி டாலர் கொடுத்துச் சுரங்கத்தில் 51 சதவீதப் பங்கைப் பெற்றது. அந்த 51-க்குள் 10 சதவீதப் பங்கு பப்புவாவின் உள்ளூர் அரசுகளுக்கு. ஆனால் 2023 மார்ச்சில் நாட்டின் வறுமை 9.36 சதவீதமாக இருந்தபோது பப்புவா மாகாணத்தில் அது 26 சதவீதம். உலகின் பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்று இருக்கும் வட்டாரத்தின் எண் இது. மனம் பொறுக்கவில்லை.

செமினோல் மக்களோடு உண்மையில் ஒப்பிடத்தக்கவை பாலியின் வழக்காற்று ஊர்கள். ஏறத்தாழ 1,500 ஊர்கள்; கோயில், சடங்கு, ஊர்நிலம் எல்லாவற்றையும் தாங்களே ஆள்பவை. 1984-இல் ஆளுநர் ஈடா பாகுஸ் மந்த்ரா காலத்தில் ஊருக்கொரு கடன் நிலையம் தொடங்கும் திட்டம் வந்தது. 'எல்பிடி' என்பது அதன் சுருக்கப் பெயர். அதன் லாபத்தைப் பிரிக்க மாகாண விதி வகுத்த கணக்கு: 60 சதவீதம் மூலதனக் கையிருப்பு, 20 ஊர் வளர்ச்சி, 10 ஊழியர் ஊக்கத்தொகை, 5 பயிற்சி மேற்பார்வை, 5 சமூகச் செலவு. கோயில் திருவிழாவுக்கு வீடுவீடாக வசூலிக்கும் சுமையை அந்த 20 சதவீதம் கணிசமாகக் குறைத்தது. சில ஊர்கள் நேரடித் தொழிலும் நடத்துகின்றன. உபுதின் புகழ்பெற்ற குரங்குக் காடு பாதாங்தெகால் ஊருடையது. நுழைவுக் கட்டணம் அந்த ஊருக்கு வருகிறது.

எங்கே கெடுகிறது? எல்பிடி வழக்காற்றுச் சட்டத்தின் கீழ் நடப்பதால் 2013-இன் நுண்நிதிச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றது. வைப்புத்தொகைக் காப்பீடும் கிடையாது. மேற்பார்வை ஊர்த்தலைவர் கையில். மேலாளர் அவருடைய உறவினராக இருந்துவிட்டால், கோயிலில் தினமும் முகம் பார்க்கும் ஊரில் கணக்குக் கேட்க நா எழாது. இல்லாத ஆள் பெயரில் கடன், வட்டிமேல் வட்டியைப் புதுக்கடனாக எழுதுவது, பிறகு ஒருநாள் சேமிப்பை எடுக்க வரிசை. பல நிலையங்கள் இப்படித்தான் விழுந்தன. ஆட்சிக்கு ஒரு அவை, தொழிலுக்கு ஒரு அவை என்று செமினோல் மக்கள் 1957-இல் பிரித்துவைத்ததன் அருமை இங்கே தெரியும். 2020-இல் சுற்றுலா நின்றபோது பாலியின் பொருளாதாரம் 9 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. ஒற்றைத் தொழிலை நம்பும் ஆபத்து இரு பக்கமும் உண்டு.

பாலியின் குத்தா கடற்கரையில் 1998 முதல் இயங்கும் ஹார்ட் ராக் விடுதியின் வணிகப் பெயர் 2007 முதல் செமினோல் சொத்து. அறை துடைப்பவரும் சமையல்காரரும் இந்தோனேசியர்கள். பெயரின் உரிமை புளோரிடாவின் பழங்குடியிடம். பெயருக்கும் விலை உண்டு என்று உணர்ந்து அதைக் கூட்டாக வாங்கிய சமூகம் பழங்குடிகளில் அரிது.

இந்தோனேசியாவில் சட்டம் நகராமல் இல்லை. 2013 மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம், வழக்காற்றுக் காடு அரசுக் காடு அல்ல என்று தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் முதல் ஒன்பது சமூகங்களுக்குச் சுமார் 13,000 ஹெக்டேர் காடு ஒப்படைக்கப்பட்டது. தெற்கு சுலாவேசியின் கஜாங் மக்களுக்குக் கிடைத்தது 313 ஹெக்டேர். நடைமுறை மட்டும் நீளமானது. ஊரார் எல்லையை நடந்து வரைபடம் எடுக்க வேண்டும். மாவட்ட மன்றம் அச்சமூகத்தை ஏற்று ஒழுங்குவிதி இயற்ற வேண்டும். பிறகு அமைச்சகத்துக்கு விண்ணப்பம், கள ஆய்வு, அமைச்சரின் ஆணை. இரண்டாம் படியில்தான் பெரும்பாலும் சிக்கும்: தேர்தல் வரும், மன்றம் கலையும், அல்லது அதே காட்டின்மேல் ஏற்கெனவே ஒரு நிறுவன உரிமம் இருப்பது தெரியவரும். இதை எளிதாக்க எழுதிய வழக்காற்றுச் சமூகங்கள் மசோதா பத்தாண்டுக்கும் மேலாக நாடாளுமன்றப் பட்டியலில் ஏறி ஏறி இறங்கியிருக்கிறது. அது சட்டமாகும்வரை ஒவ்வொரு சமூகமும் தன் மாவட்ட மன்றத்தைத் தனித்தனியாக அணுகித்தான் ஆக வேண்டும்.

நன்றி, வணக்கம்.