விரல்களின் பக்கம் நின்றவர்

லண்டனில் சவாய் தியேட்டரைக் கட்டி, 1881-இல் அதற்கு மின்விளக்கு போட்ட ரிச்சர்ட் டி'ஆய்லி கார்ட்டை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நான் பேச வந்தது அவருடைய அப்பாவைப் பற்றி. அவர் பெயரும் ரிச்சர்ட் கார்ட்தான். 1808-இல் பிறந்தவர். மேற்கத்தியப் புல்லாங்குழல் வாசித்தார், சொல்லிக்கொடுத்தார், அப்புறம் செய்யவும் இறங்கினார்.

அப்போது இங்கிலாந்தில் பரவலாக இருந்தது எட்டு விசை, அதாவது துளையை மூடித் திறக்கும் நெம்புகோல், வைத்த மரக்குழல். துளைகள் விரல் எட்டுகிற இடத்தில் இருந்தன. சுருதி கேட்கிற இடத்தில் இல்லை. மியூனிக்கைச் சேர்ந்த தியோபால்ட் போம் 1832-இல் இதைத் தலைகீழாக்கினார். துளைகளைச் சுருதிப்படி வைத்தார். விரல் எட்டாத இடத்துக்கு விசை. நாதம் பெருகியது. ஆனால் மேற்கத்தியச் சுரங்களுக்கு ஸி, டி, எஃப் என்று எழுத்துப் பெயர்கள், ஷார்ப் என்றால் அரைச்சுரம் மேலே; பழைய குழலில் எஃப் ஷார்ப் தந்த வலது சுட்டுவிரல், புதியதில் வெறும் எஃப் தந்தது. சின்ன விஷயம்தானே என்பீர்கள். முப்பது வருஷம் பழகிய கையிடம் கேட்டுப் பாருங்கள்!

கார்ட் போமின் எதிரி அல்ல. 1845-இல் போம் குழலுக்கே பாடப்புத்தகம் எழுதியவர். 1847-இல் போம் செய்த உருளைக் குழலின் இங்கிலாந்து உரிமையை ருடால் அண்டு ரோஸ் நிறுவனம் வாங்கியது. 1850-இல் கார்ட் அதில் பங்குதாரரானார். குழாய் போமுடையது, விரல் முறை தன்னுடையது என்று ஒரு குழலை உருவாக்கினார். அதுதான் 1851 முறை. பழைய எஃப் ஷார்ப் சுட்டுவிரலுக்கே திரும்பியது.

இன்னொன்றும் செய்தார், அதுதான் எனக்குப் பிடித்தது. குழல் பிடிப்பதுபோல் கையைத் தூக்குங்கள். போம் குழலில் நடு ஸி வாசிக்க இடது சுட்டுவிரலும் வலது சுண்டுவிரலும் மட்டும் கீழே. அடுத்த டிக்குப் போக அந்த இரண்டும் எழ வேண்டும், கட்டைவிரலோடு இன்னும் ஐந்து விரல்கள் அதே நொடியில் விழ வேண்டும். ஒன்று பிந்தினாலும் காதில் விழும். கார்ட் குழலில் எல்லா விரலையும் எடுத்துவிட்டால் போதும், டி வந்துவிடும்.

1867-இல் இந்த வசதியை வைத்துக்கொண்டே போம் முறையையும் கலந்து இன்னொரு குழல் செய்தார். இருபதாம் நூற்றாண்டிலும் பல ஆங்கிலேயக் கலைஞர்கள் அதை விடவில்லை. அவர் 1891-இல் காலமானார்.

அந்தக் குழல்கள் இப்போதும் பழம்பொருள் விற்பனைக்கு வருகின்றன. போம் குழலில் பழகியவர் ஒன்றை எடுத்து, ஸி ஷார்ப் வரும் என்று நம்பி விரல்களை எடுப்பார். டி வரும். கீழே வைத்துவிட்டு விரல்களைப் பார்ப்பார்.