பச்சைக் கண்ணாடியும் பூட்டிய அலமாரியும்

பெருமதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் வந்து முதல் வரிசையில் அமர்ந்து படம் முழுவதையும் பார்த்த வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, திரையும் ஒலிபெருக்கியும் தந்துதவிய வணிகப் பெருமக்களே, கிளை நூலகர் அம்மையார் அவர்களே, பாயில் அமர்ந்து எங்களைவிட ஒழுங்காகப் படம் பார்த்த குழந்தைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். யார் பெயரேனும் விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். சென்ற கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டு நான் பட்ட பாட்டை இந்த அவை அறியும்.

1939இல் வெளிவந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: நீங்கள் சீட்டுகளில் எழுதித் தந்த கருத்துகள், எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய மூலநூலிலிருந்து படம் விலகும் இடங்கள், படத்தின் பாடல்கள்.

என் கையில் 41 சீட்டுகள் இருக்கின்றன. ஒரே திரையில் ஒரே நேரத்தில் பார்த்த படத்தைப் பற்றித்தான் இவை எழுதப்பட்டனவா என்று ஐயம் எழுகிறது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். கல்லூரி மாணவர் ஒருவர் ‘கிராஃபிக்ஸ் சுமார்’ என்று எழுதியிருக்கிறார். தம்பி, கதையின் நாயகியான சிறுமி டாரத்தியின் வீட்டைத் தூக்கிப்போன அந்தச் சூறாவளி, மஸ்லின் துணியில் தைத்த நீண்ட குழாயைச் சுழற்றி எடுத்த காட்சி. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ‘தண்ணீர் பட்டுச் சூனியக்காரி உருகியபோது பாவமாக இருந்தது’ என்கிறாள். அந்த வேடமிட்ட மார்கரெட் ஹாமில்டன் நடிக்க வருமுன் மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர் என்பதை அறிந்தால் அவள் மகிழ்வாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எல்லாம் கனவு என்று முடித்ததை ஏமாற்று வேலை என்று சாடியிருக்கிறார். அவர் பக்கம் நியாயம் உண்டு. நூலில் அது கனவே அன்று. டாரத்தி திரும்பி வரும்போது, பறந்துபோன வீட்டுக்குப் பதிலாக மாமா புதுவீடு கட்டியிருக்கிறார்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்த கதையைச் சொல்லியாக வேண்டும். எண்பதுகளில் எங்கள் தெருவில் ஒரு காதுகுத்துக்கு டெக், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் கருவி, வாடகைக்கு எடுத்து வந்தார்கள். பெரியப்பா வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. அதைக் கலர் டிவி ஆக்குவதற்காக, மேலே நீலமும் நடுவில் இளஞ்சிவப்பும் கீழே பச்சையுமாக ஒரு பிளாஸ்டிக் தாளை அவர் திரைமேல் ஒட்டியிருந்தார். தன் ஊரான பழுப்பு நிறக் கன்சாஸிலிருந்து கதவைத் திறந்து வண்ண உலகுக்குள் டாரத்தி நுழைவதுதானே படத்தின் உயிர்? எங்களுக்கோ கன்சாஸிலேயே தரை பச்சையாக இருந்தது. சூனியக்காரி நின்றால் அவள் முகம் நீலம், உட்கார்ந்தால் இளஞ்சிவப்பு. டாரத்தியின் செருப்பு சிவப்பென்று சித்தப்பாவும், பச்சையென்று பெரியப்பாவும் வாதிட, காது குத்திய குழந்தையின் அழுகைகூட யாருக்கும் கேட்கவில்லை. நூலில் அது வெள்ளிச் செருப்பு. டெக்னிகலர் வண்ணத்தில் எடுபட வேண்டுமென்று படத்தில் மாணிக்கச் சிவப்பாக்கினார்கள் என்பதை நான் படித்தறிந்தபோது பெரியப்பா உயிரோடு இல்லை. காமாலைக் கண்ணுக்கு மஞ்சள். எங்கள் பெரியப்பாவுக்குத் தரையில் இருப்பதெல்லாம் பச்சை. அவரை மட்டும் சிரிப்பானேன்? 1956இல் இப்படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பானபோது அங்கும் பெரும்பாலான வீடுகளில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகள்தாம்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். படத்தில் டாரத்தி தேடிப்போகும் மரகத நகரம் உண்மையாகவே பச்சை. நூலில் அப்படி இல்லை. வாயிற்காவலர் நகருக்குள் வருவோர் அனைவருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டி, பின்னால் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். காமாலைக் கண்ணுக்கு மஞ்சள் என்ற நம் பழமொழியையே பாம் நகரமாகக் கட்டியிருக்கிறார் என்பேன். படம் இதைக் கைவிட்டதுதான் என் பெரிய குறை. இதை எழுதிய சீட்டு ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை? நூலைப் படித்தவர் இல்லை. ஏன் படிக்கவில்லை? பெரியோர்களே, பின்னால் திரும்பிப் பாருங்கள். அந்தக் கண்ணாடி அலமாரியில் மூன்றாம் தட்டில் நூல் இருக்கிறது, அலமாரி பூட்டியிருக்கிறது. அம்மையாரைக் குறை சொல்லவில்லை. ஒரு புத்தகம் காணாமற்போனால் அவர்தாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐம்பதுகளில் அமெரிக்க நூலகங்கள் சில ஆஸ் வரிசை நூல்களைக் குழந்தைகளுக்கு உதவாதவை என்று ஒதுக்கின. நாமோ ஒதுக்காமல், வாங்கி, முத்திரை குத்தி, எண்ணிட்டுப் பூட்டுகிறோம். வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிற நாம், சிறுவர் நூல்களைக் குழந்தைகள் கைக்கெட்டும் திறந்த தட்டுகளில் வைக்கவும், காணாமற்போவனவற்றைத் தள்ளுபடி செய்யவும் கேட்பது பேராசையாகாது. தலைவர் அவர்கள் தலையசைத்தார்கள்; அதைக் குறிப்பேட்டில் பதிவு செய்யுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பாடல்களைப் பற்றிப் பேச நேரமில்லை என்று சீட்டு வந்துவிட்டது. முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு, வானவில்லைப் பற்றிய அந்தப் பாட்டைப் படத்திலிருந்தே வெட்டிவிட நினைத்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். திறந்த தட்டுகள் கேட்கும் மனு வாசல் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்திட்டபின் பேனாவை அங்கேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள், அது அம்மையாருடையது.