தையலுக்குள் ஒரு பெயர்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'மிராக்குலஸ்' என்ற கார்ட்டூன் தொடரில், யாருக்கும் தெரியாமல் லேடிபக் என்ற சூப்பர்ஹீரோவாக மாறும் பள்ளி மாணவி மரினெட்டின் ஆடை வடிவமைப்பு ஆர்வம் வளர்ந்ததா, மங்கியதா என்பது இன்றைய கேள்வி. மங்கியது என்று பேச வந்திருக்கிறேன். வருத்தத்தோடுதான் பேசுகிறேன். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனதே அவள் கையில் இருந்த ஊசியைப் பார்த்துத்தான்.

2015இல் வந்த முதல் சீசனை நினைத்துப் பாருங்கள். பாரிஸில் பேக்கரி நடத்தும் குடும்பத்துப் பிள்ளை. பள்ளியில் தொப்பி வடிவமைக்கும் போட்டி. கூடப் படிக்கும் க்ளோயி அவளுடைய வடிவத்தைத் திருடி, அச்சு அசலாக அதே தொப்பியோடு வந்து நிற்கிறாள். எது அசல்? தொப்பியின் தையலுக்குள்ளேயே தன் பெயரை மறைத்து வைத்திருக்கிறாள் மரினெட்! அந்த இடத்தில் நான் கை தட்டினேன். ராக் பாடகர் ஜாகெட் ஸ்டோனின் ஆல்பத்துக்கு அட்டை வடிவமைத்ததும் அதே சீசனில்தான். அன்றைக்கு அவளுடைய கலைதான் கதையை நகர்த்தியது.

எதிரணித் தோழி அழகாக ஒரு வாதம் வைத்தார். மரினெட்டுடன் இருக்கும் டிக்கி படைப்பின் குவாமி, அதாவது அவளுக்குச் சக்தி தரும் குட்டி மாய உயிர். லேடிபக்காக மாறி 'லக்கி சார்ம்' என்ற மாயப் பொருளை வரவழைக்கும்போதெல்லாம் அவள் படைத்துக்கொண்டுதானே இருக்கிறாள் என்றார். சரி, அங்கே மூளை வேலை செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையில் என்ன வந்து விழும் என்பதை அவள் தீர்மானிப்பதில்லை. வந்த பொருளை வைத்துச் சமாளிக்கிறாள். சண்டை முடிந்ததும் அதை வானத்தில் வீசுகிறாள், மறைந்துவிடுகிறது. அவள் மனதுக்குப் பிடித்த ஏட்ரியனின் பிறந்தநாளுக்கு அவள் செய்த ஸ்கார்ஃப் அப்படியா? தன் அப்பா கொடுத்தது என்று நினைத்துக்கொண்டாலும், அவன் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். ஒன்று, இன்னொருவருக்காக ஆசைப்பட்டுச் செய்தது. மற்றது, ஆபத்துக்கு வந்து போவது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. தொப்பியில் அவள் தன் பெயரைத் தைத்தாள். லேடிபக்காக அவள் எதைச் சாதித்தாலும் அந்தப் பெயரை மறைத்தே ஆக வேண்டும்.

மூன்றாம் சீசன் முடிவில் சக்தி தரும் மாய நகைகள் அடங்கிய மிராக்குலஸ் பெட்டியைக் காத்துவந்த மாஸ்டர் ஃபூ நினைவிழந்து போக, அந்தப் பெட்டியின் காவல் முழுவதும் இந்தச் சின்னப் பெண்ணின் தலையில் விழுகிறது. நான்காம் சீசன் தொடக்கத்திலேயே, தான்தான் லேடிபக் என்ற உண்மையைச் சொல்ல முடியாமல் காதலன் லூக்காவை இழக்கிறாள். அந்தப் பிரிவுக்கு ஓர் அத்தியாயமே கிடைத்தது, அவள் அழுதாள், நாமும் அழுதோம். ஊசியும் நூலும்? எப்போதாவது எட்டிப் பார்க்கின்றன, அவ்வளவுதான். பாரம் கூடினால் கலை பின்னுக்குப் போவது இயல்பு, அதை நான் குறை சொல்லவில்லை. அதை ஒரு இழப்பாகக்கூட யாரும் எண்ணவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். பாதியில் நின்ற ஒரு உடையை அவள் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைக்கும் ஒரு நிமிடக் காட்சி இருந்திருந்தால், நான் இன்று இந்த அணியில் நின்றிருக்க மாட்டேன்.

நன்றி, வணக்கம்.