ஆயிரங் கண்ணுடைய கிழவியும் ஏழு நிலவுகளும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

முல்லைத்தீவிலுள்ள நந்திக்கடலின் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து தனக்குப் பசிக்கிறது என்று சொன்ன கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சிறுவர்கள் அவளுக்காகப் பொங்குகிறார்கள். பொழுதுபட்டதும் விளக்கேற்ற எண்ணெய் இல்லையே என்று தவிக்கிறார்கள். கடல்நீரை அள்ளி ஊற்றித் திரியைக் கொளுத்துங்கள் என்கிறாள் கிழவி. அவ்வாறே செய்ய, விளக்கும் எரிகிறது. பிறகு அவள் தன் தலை கடிக்கிறது, பேன் பார்த்துவிடுங்கள் என்கிறாள். பேன் பார்க்க மயிரை விலக்கிய சிறுவர்கள், அவளுடைய தலை முழுவதும் ஆயிரங் கண்கள் இருப்பதைக் காண்கிறார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் தோற்றத்தைச் சொல்லும் இந்தக் கதையை என்னுடைய அப்பாச்சி சொல்லும்போது, பேன் பார்க்கும் இடம் வந்தவுடன் நாங்கள் எல்லாரும் சிரிப்போம். அப்பாச்சியும் அந்தச் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்துவிட்டுத்தான், குரலைத் தாழ்த்தி, அந்தக் கண்களைப் பற்றிச் சொல்லுவார். சிரித்துக்கொண்டிருந்த வாய் மூடுவதற்குள் பயம் வந்துவிடும். இந்த வித்தையை அவர் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை.

இன்று நான் பேசுவதற்கு எடுத்துக்கொண்டிருப்பது ஷெஹான் கருணாதிலக என்னும் எழுத்தாளரின் நாவல்களை. 1975ஆம் ஆண்டு காலியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த இவர் ஆங்கிலத்தில் எழுதுபவர். இவரது 'மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்' என்ற நாவலுக்கு 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் புக்கர் பரிசு கிடைத்தது. இலங்கையில் பிறந்தவர்களுள் அதற்கு முன் அந்தப் பரிசைப் பெற்றவர் 1992இல் மைக்கல் ஒண்டாச்சி மட்டுமே. பரிசுச் செய்தி வந்தபோது பத்திரிகைகள் எழுதியவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்த நாவலை வன்னியில் இருந்துகொண்டு வாசிக்கும்போது எனக்குள் எழுந்தவற்றையே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கதை 1990ஆம் ஆண்டில் நடக்கிறது. மாலி அல்மேதா ஒரு போர்ப் புகைப்படக்காரன்; சூதாட்டப் பழக்கம் உள்ளவன்; தான் விரும்புவது ஆண்களை என்பதை ஊருக்கு மறைத்து வாழ்ந்தவன். முதற் பக்கத்திலேயே அவன் இறந்துபோயிருக்கிறான். தன்னைக் கொன்றது யார் என்பது அவனுக்கு நினைவில்லை. துண்டாடப்பட்ட அவனுடைய உடலைக் கூலிக்காரர்கள் கொழும்பின் பேரை வாவிக்குள் எறிகிறார்கள். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு ஏழு நிலவுகள், அதாவது ஏழு இரவுகள், தவணை கொடுக்கப்படுகிறது. அதற்குள் தன்னைக் கொன்றவரைக் கண்டறிய வேண்டும்; ஒரு கட்டிலுக்கு அடியில் பெட்டியொன்றில் ஒளித்து வைத்திருக்கும் புகைப்படங்களிடம், உயிரோடிருக்கும் தன் நண்பர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கொடுமைகளுக்குச் சாட்சியான படங்களும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. கொன்றவர் யார் என்பதை நான் சொல்ல மாட்டேன். துப்பறியும் கதைக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது.

இறந்தவர்கள் போய்ச் சேரும் இடத்தைக் கருணாதிலக வருணித்திருக்கும் விதம்தான் இந்த நாவலின் கருமையான நகைச்சுவைக்கு ஊற்று. அது ஓர் அரசாங்க அலுவலகத்தைப் போல இருக்கிறது. வெள்ளுடை அணிந்த அலுவலர்கள் இருக்கிறார்கள். நீண்ட வரிசைகள் இருக்கின்றன. இன்னும் தலை துண்டிக்கப்பட்ட நிலையிலும், குண்டு பாய்ந்த கோலத்திலும் நிற்பவர்களிடம் அடுத்த வரிசைக்குப் போகச் சொல்கிறார்கள். கொழும்பில் இதை வாசிப்பவர்களுக்கு இது ஒரு நல்ல கற்பனையாகப் படக்கூடும். ஆனால் வவுனியாவைத் தாண்டுவதற்குப் பாஸ் எடுக்க வெயிலில் நின்றவர்களும், இடம்பெயர்ந்த ஊர்தோறும் நிவாரணத்துக்காகக் குடும்ப அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களும், 2009இல் செட்டிகுளத்து முகாம்களின் முள்ளுக்கம்பிக்குள் ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களும், செத்த பிறகும் வரிசையா என்று கேட்டுச் சிரிக்கும்போது அந்தச் சிரிப்பு வேறு ஆழத்திலிருந்து வருகிறது. எங்கள் வாசிகசாலையில் நான் இந்தப் பகுதியைச் சொல்லிக்காட்டியபோது முதலிற் சிரித்தவர்கள் வயதானவர்களே.

கூர்ந்து வாசிப்பவர்கள் கவனிக்கும் இன்னொரு செய்தி, நாவல் முழுவதும் 'நீ' என்று இறந்தவனை விளித்தே சொல்லப்படுகிறது என்பது. நீ கண்விழித்தாய், நீ பார்த்தாய், நீ மறந்துவிட்டாய் என்றே கதை நகர்கிறது. ஆங்கில நாவலில் இது அரிய உத்தியாகப் பேசப்படுகிறது. நம்முடைய பெண்களுக்கோ, செத்தவரை 'நீ' என்று முன்னிலையில் இருத்திப் பேசுவது ஒப்பாரியின் அடிப்படை. ஒப்பாரி சொல்லும் பெண், பிணத்தின் தலைமாட்டில் இருந்துகொண்டு, நீ நட்ட மரம் காய்த்திருக்கிறதே, நீ கட்டிய வேலி சரிந்துவிட்டதே என்று அவரோடு பேசுவாள். அந்தப் பேச்சின் இடையிலேயே, உயிரோடு பக்கத்தில் இருக்கும் மைத்துனிக்கோ மாமிக்கோ சொல்ல வேண்டிய குத்தல் வார்த்தையையும் நுழைத்துவிடுவாள். அழுதுகொண்டிருப்பவர்களே முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். சாவீட்டில் சிரிப்பது பாவம் என்று நம் முன்னோர் ஒருபோதும் எண்ணியதில்லை.

வன்னியின் ஒப்பாரிகளுள் புகழ்பெற்றது வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தை பேரில் பாடப்பட்டது. யானை பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட பணிக்கர்கள் அடக்க முடியாத கொம்பன் யானையை அரியாத்தை என்ற பெண் அடக்கிக் கட்டுகிறாள். அந்தப் பெருமையைப் பொறுக்க முடியாதவர்கள் வெற்றிலையில் நஞ்சு வைத்து அவளைக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு கொலை, அதற்கான காரணம், கொன்ற முறை ஆகிய மூன்றும் ஒரு பாட்டுக்குள் இருக்கின்றன. குற்றவாளியைக் கூண்டில் நிறுத்த எந்த மன்றமும் இருக்கவில்லை. ஆகவே பாட்டே மன்றமாகிறது. வற்றாப்பளையில் இன்னொரு கதை வழங்குகிறது. அம்மனின் சக்தியை ஏளனம் செய்த பறங்கி அதிகாரி ஒருவனின்மீது, கோயிலடிப் பன்னிச்சை மரம் தானாகவே ஆடித் தன் காய்களை எறிந்து விரட்டியதாம். பீரங்கியோடு வந்தவனை ஒரு மரம் காயால் எறிந்து விரட்டுவது சிரிப்புக்குரிய காட்சிதான். ஆயினும் ஆயுதம் எதுவும் இல்லாத ஒரு மக்கள் கூட்டம் அந்நிய ஆட்சியைப் பற்றி என்ன நினைத்தது என்பதை அறிய அதைவிடச் சிறந்த ஆவணம் எனக்குத் தெரியாது. கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல்லோ, 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதோடு நின்றுவிடுகிறது. வென்றவர் நாட்டிய கல் அவ்வளவுதான் சொல்லும். எஞ்சியதைப் பேய்களும் தெய்வங்களும் மரங்களும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கருணாதிலக இதனை நன்கு உணர்ந்தவர் என்பது என் கருத்து. அவருடைய முதல் நாவலான 'சைனாமன்' 2010இல் வெளிவந்தது. குடியினால் உடல் கெட்டுச் சாகும் நிலையில் இருக்கும் ஒரு விளையாட்டுப் பத்திரிகையாளர், பிரதீப் மத்தியூ என்ற தமிழ்ச் சுழற்பந்து வீச்சாளரைத் தேடுவதே அதன் கதை. மத்தியூ ஒப்பற்ற வீரர். ஆனால் அவரைப் பற்றிய பதிவுகள் ஏறத்தாழ எல்லாமே அழிந்துபோயிருக்கின்றன. ஒரு நாவலில் காணாமற்போன தமிழன், அடுத்த நாவலில் ஏரிக்குள் எறியப்பட்ட உடல். இரண்டிலும் துப்பறிவது பொலிசார் அல்லர். ஒன்றில் சாகப்போகிறவரும் மற்றதில் செத்தவரும் துப்பறிகிறார்கள். ஏழு நிலவுகள் நாவலில் வரும் டாக்டர் ராணி சிறிதரன் என்ற பாத்திரம், 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மனித உரிமைச் செயற்பாட்டாளர் டாக்டர் ரஜினி திராணகமவை நினைவில் கொண்டு படைக்கப்பட்டது. உண்மை வரலாற்றிலிருந்து வந்த அவருக்கு அருகிலேயே மகாகாளியும், பிரேதங்களும், யக்கர்களும் நடமாடுகிறார்கள். காளிக்கு மடை வைத்தும் முனிக்குக் கழிப்புக் கழித்தும் வளர்ந்த நமக்கு அந்த உலகத்துக்குள் நுழைய வழிகாட்டி வேண்டியதில்லை.

நாவலின் நடுப்பகுதியில் ஆவிகளின் கூட்டம் மிகுந்து கதையின் வேகம் தளர்வதாக எனக்குத் தோன்றியது. வடக்கும் வன்னியும், மாலி கமராவைத் தூக்கிக்கொண்டு போய்வரும் இடங்களாகவே பெரும்பாலும் தெரிகின்றன. அவன் திரும்பி வரும் வீடு கொழும்பில்தான் இருக்கிறது. ஆனால் இதை நான் ஒரு குற்றமாகச் சுமத்தவில்லை. அவர் தான் அறிந்த இடத்தில் நின்று நேர்மையாக எழுதியிருக்கிறார்.

இந்த நாவல் தன் மனத்தில் விழுந்த விதத்தை அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். 2009இல் போர் முடிந்த பின்னர், எத்தனை பொதுமக்கள் இறந்தனர், அது யாருடைய தவறு என்ற வாதம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்தபோது, இறந்தவர்களே தங்கள் பக்கத்தைச் சொல்லக்கூடிய ஒரு பேய்க்கதையை எழுதலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் நிகழ்காலத்தைப் பற்றி எழுதும் துணிவு தனக்கு இருக்கவில்லை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, இருபது ஆண்டுகள் பின்னோக்கி 1989ஆம் ஆண்டின் இருண்ட நாட்களுக்குச் சென்றதாகவும் அவர் சொல்கிறார். அன்பான நேயர்களே, அவர் முதலில் எண்ணிய அந்தக் கதையின் களம் எது? எண்ணிக்கை பற்றிய வாதம் எந்த மண்ணில் இறந்தவர்களைப் பற்றியது? நந்திக்கடலின் கரைதான் அது. கிழவியின் தலையில் சிறுவர்கள் ஆயிரங் கண்களைக் கண்ட அதே கரை.

இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து எனக்கு ஓர் ஆசை விடாமல் இருந்துவருகிறது. பின்னோக்கிப் போகாத அந்த நாவலை வன்னியிலுள்ள ஒருவர் தமிழில் எழுத வேண்டும். அதில் கொம்பனைக் கட்டிய அரியாத்தை வரலாம். குளக்கட்டுகளைக் காவல் காக்கும் ஐயனார் வரலாம். சூடு மிதிக்கும் களத்தில் பூதங்கள் பொலியைக் கவர்ந்துபோகாமல் இருக்க நம் முதியோர் வழக்கச் சொற்களை விட்டு மறைசொற்களைப் பேசியது வரலாம். ஆயிரங் கண்ணுடைய கிழவி அந்தக் கரையில் என்ன கண்டாள் என்று அவளிடமே கேட்கும் துப்பறியும் கதையாக அது இருக்கலாம். அதில் சிரிப்பும் இருக்க வேண்டும், ஏனென்றால் பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டும் நாம் சிரித்திருக்கிறோம். அதை விட்டுவிட்டு எழுதினால் அங்கே இருந்தவர்கள் மனிதர்களாகத் தெரிய மாட்டார்கள்.

எங்கள் ஊர் வாசிகசாலையில் கிழமைக்கு ஒரு நாள் மாலையில், ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக இந்தக் கதையைத் தமிழில் சொல்லி வந்தேன். வந்திருந்தவர்களுள் ஒரு தாயின் மகன் போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனவன். கிளிநொச்சியில் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய உறவினர்களின் போராட்டத்தில், மகனுடைய படத்தை ஏந்தியபடி அவர் பல நாட்கள் இருந்திருக்கிறார். அவருடைய வீட்டில் இறந்தவர்களுக்குச் செய்யும் எட்டுச் செலவு நடக்கவில்லை, அந்தியேட்டியும் நடக்கவில்லை. பிள்ளை இறந்துவிட்டான் என்று யார் சொன்னார்கள் என்பது அவருடைய கேள்வி. அப்படிப்பட்டவரின் முன்னால் பேய்க்கதை சொல்வதற்கு நான் தயங்கினேன். அவரோ முன்வரிசையில் வந்து அமர்ந்தார். வரிசையில் நிற்கும் பிணங்களைப் பற்றிச் சொன்னபோது அவரும் சிரித்தார். மாலியின் உடலை வாவிக்குள் எறியும் இடத்தைச் சொல்லி முடித்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "அவனுக்கெண்டாலும் தன்ரை உடம்பு எங்கை கிடக்குதெண்டு தெரியுது, மாஸ்டர்."

அன்று அதற்கு மேல் என்னால் தொடர முடியவில்லை. அடுத்த கிழமை அவர் எல்லாருக்கும் முன்பாகவே வந்து, கதவு திறக்கும்வரை படியில் அமர்ந்திருந்தார். உள்ளே வந்ததும், முதல் நிலவில் விட்டோம், அங்கிருந்து சொல்லுங்கள் என்றார்.

நன்றி, வணக்கம்.